கோப்புக்குள் குடியிருந்த கணினி

சிற்றிதழ் நடத்திய நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரே ஒரு கோப்பு. “ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்தப்போ, மொத்தத்தையும் விர்ச்சுவல் பிசில ஏத்திக் குடுத்தாங்க சார். இப்ப எதுல போட்டாலும் திறக்க மாட்டேங்குது. பழைய இதழ் பூரா இதுக்குள்ளதான் இருக்கு” என்றார். முழு ஹார்ட் டிஸ்க்கையும் சுருட்டி ஒரே கோப்பாக வைக்கும் டிஸ்க் இமேஜ் நமக்குப் பழகிய சமாச்சாரம்தான். ஆனால் அந்த வித்தைக்கு வயது அறுபதை நெருங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜில் ஐபிஎம் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1967-ல் அங்கே ஓடத் தொடங்கிய சிபி-40 என்ற மென்பொருள், ஒரே கணினியில் வேலை செய்யும் பலரையும் ‘இது முழுக்க என் கணினி’ என்று நம்ப வைத்தது. ஆளுக்கொரு டிஸ்க் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே டிஸ்க்கைத் துண்டு போட்டு ‘மினிடிஸ்க்’ என்று கொடுத்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் ஓர் அறையை ஒதுக்கிவிட்டு, இதுதான் முழு வீடு என்று சொல்வதைப் போல. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் இது கடைக்கே வந்தது.

பிறகு பிசி வந்தது. ஆளுக்கொரு கணினி கிடைத்ததும் இந்தப் பொய்க்குச் சிறிய கணினிகளில் வேலையில்லாமல் போயிற்று. 1997-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து 1998-ல் தொடங்கிய நிறுவனம்தான் விஎம்வேர். மறு வருடமே பிசிக்குள் இன்னொரு பிசியை ஓட்டிக் காட்டினார்கள். இவர்களிடம் மினிடிஸ்க், பின்னாளில் ‘விஎம்டிகே’ என்று அறியப்பட்ட சாதாரணக் கோப்பாகிவிட்டிருந்தது. வழக்கமான விஎம்டிகே கோப்பு ஒன்றின் முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்தால் ‘கே, டி, எம், வி’ என்று தலைகீழாக நிற்கும். இன்டெல் சில்லு எண்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுவதன் விளைவு அது.

எனக்குப் பிடித்த கதை கனெக்டிக்ஸுடையது. 1994-ல் குவிக்கேம் என்ற வெப்கேமராவை விற்ற சின்னக் கம்பெனி அது. மேக்கில் விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் பிசியை 1997-ல் கொண்டுவந்தது. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக்கில் ஓட்டிக் காட்டியபோது சோனி வழக்குப் போட்டது. 2000-ல் மேல்முறையீட்டில் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பானது. அடுத்த ஆண்டே சோனி அந்த விளையாட்டு மென்பொருளை விலைக்கு வாங்கிக் கிடப்பில் போட்டது! கேமரா ஏற்கனவே லாஜிடெக்குக்குப் போயிருந்தது. 2003-ல் விர்ச்சுவல் பிசியை மைக்ரோசாஃப்ட் வாங்க, கனெக்டிக்ஸ் கடையைக் கட்டியது.

ஆனால் பெயர் சாகவில்லை. விர்ச்சுவல் பிசியின் விஎச்டி இமேஜ் ஒவ்வொன்றின் வாலிலும் எட்டு பைட்டில் அடையாள முத்திரை உண்டு. ஒன்பது எழுத்துக் கம்பெனிப் பெயரை எட்டுக்குள் அடைக்க, ஒரு ‘என்’னைக் கழற்றிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அதை மாற்றவில்லை. இன்றும் அதன் அஸ்யூர் கிளவுடில் ஏற்றும் விஎச்டியின் முடிவில், இல்லாத கம்பெனியின் பெயர் எழுத்துப் பிழையோடு உட்கார்ந்திருக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளின் கதை, பெயர்ப்பலகை மாறிய கதை. ஜெர்மனியின் இன்னோடெக் 2007-ல் வெளியிட்டது. 2008-ல் சன் நிறுவனம் வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அதன் விடிஐ இமேஜ் கோப்பின் தலையில் இருக்கும் வரியிலும் அதே வரிசையில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. இமேஜ் யார் காலத்தில் பிறந்தது என்பதற்கு அதுவே ஜாதகம்.

எல்லாருக்கும் உதவியது கியூஇமு என்ற மென்பொருள். பிரான்சின் ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003-ல் வெளியிட்டது. தனக்கென்று ஒரு வடிவம் வைத்துக்கொண்டே போட்டியாளர்களின் வடிவங்களையும் படிக்கக் கற்றுக்கொண்டது. மீட்பு வேலை செய்பவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான்.

அடைவே அழிந்துபோன இமேஜ் என்றால்? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது, காப்பியடித்துப் பிறந்தது. அமெரிக்க விமானப்படைப் புலனாய்வாளர்கள் இருவர், ராணுவத் தடயவியல் கூடத்தின் ‘கார்வ்திஸ்’ என்ற டாஸ் மென்பொருளைப் பார்த்து ‘ஃபோர்மோஸ்ட்’ எழுதினார்கள். அதைத் திருத்தி எழுதியது ‘ஸ்கால்பெல்’. கோப்பின் பெயர், இடம் எதையும் இவை கேட்பதில்லை. ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 என்று தொடங்கும், ஜிப் என்றால் ‘பி, கே’ என்று தொடங்கும். அந்தத் தொடக்கத்தைத் தேடிப் பிடித்து வெட்டி எடுக்கின்றன.

நண்பரின் கோப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நகல் எடுக்கும்போது வால் மட்டும் அறுந்திருந்தது. வளரும் வகை விஎச்டியில் அந்த வாலின் பிரதி ஒன்று தலையிலும் இருக்கும். முதல் 512 பைட்டை எடுத்துக் கடைசியில் ஒட்டினேன். இமேஜ் கண் திறந்தது; உள்ளே விண்டோஸ் 98.

பேஜ்மேக்கர் கோப்புகளை வெளியே எடுத்துப் புதிய கணினியில் திறந்தால், ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசைகட்டி நின்றன. எழுதியது பாமினி எழுத்துருவில். நண்பரின் முகம் வாடிவிட்டது. அந்த எழுத்துருவும் அதே இமேஜின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே இருந்ததால் தப்பித்தோம்.

உங்கள் பரணிலும் இப்படி ஒரு கோப்பு கிடந்தால், முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்; நகலில் மட்டும் கை வையுங்கள். அந்த மெஷினை ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், விண்டோஸ் எழுந்ததுமே டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். கோப்புகளை எடுக்கும்போது ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.