வெல்கம் கடை பிறந்த கதை

1973ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, தோ பாயோவில் ஒரு மளிகைக் கடையைத் திறந்து வைக்கப் பிரதமர் லீ குவான் இயூ வந்தார். அரிசி, சீனி, சமையல் எண்ணெய், பால்மாவு விற்கிற கடைதான். பெயர்ப்பலகையில் ‘என்டியுசி வெல்கம்’ என்றிருந்தது. இன்று சிங்கப்பூர் முழுக்க ‘என்டியுசி ஃபேர்பிரைஸ்’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேல் கிளை பரப்பியிருக்கும் பேரங்காடிக்கு அதுதான் தலைப்பிள்ளை.

பெரிய கடை வந்து சின்னக் கடையை விழுங்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு. மற்ற ஊர்களில் அந்தப் பெரிய கடைக்குப் பின்னால் ஒரு முதலாளி இருப்பார். இங்கே இருந்தது தொழிற்சங்கம். லாபம் பார்க்க வந்த கடை அல்ல, லாபம் பார்ப்பவர்களை அடக்க வந்த கடை என்று சொல்லித்தான் அதைத் திறந்தார்கள்.

காலம் அப்படி. 1972இல் உலகின் பல பகுதிகளில் விளைச்சல் பொய்த்தது. அரிசியும் கோதுமையும் கிடுகிடுவென ஏறின. ஒரு மணி நெல்கூட விளையாத சிங்கப்பூர் வெளியிலிருந்து வாங்கித்தான் சாப்பிட வேண்டும். 1973இல் விலைவாசி ஏறக்குறைய 20 விழுக்காடு உயர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய கிழக்குப் போர் வெடித்து எண்ணெய் விலையும் சேர்ந்துகொள்ள, 1974இல் ஏற்றம் 22 விழுக்காட்டைத் தாண்டியது. சம்பளம் வாங்கிய கையோடு அரிசி மூட்டையைப் பார்க்கப் போனவருக்குப் போன மாத விலை இந்த மாதம் இல்லை. கடைக்காரர் பதுக்குகிறார், கொள்ளை லாபம் அடிக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

அந்தக் கடைக்காரர் யார்? சீனர் நடத்திய மளிகைக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்திய மாமா கடை, சிராங்கூன் சாலையில் நம்மவர் நடத்திய பலசரக்குக் கடை எல்லாமே அந்தப் பேச்சில் அடக்கம். உள்ளே போனால் கோணிச் சாக்குகளின் வாய் சுருட்டி விடப்பட்டிருக்கும். அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், கருவாடு. தலைக்கு மேலே ஒரு பால்மாவு டின், கப்பியில் ஓடும் கயிற்றில் தொங்கும். அதுதான் கல்லா. இழுத்தால் இறங்கி வரும். காசைப் போட்டுக் கையை விட்டால் கயிற்றின் மறுமுனையில் கட்டிய எடை அதை மேலே தூக்கிக்கொள்ளும். கைக்கு எட்டும் இடத்தில் உள்ளங்கை அகலத்தில் சின்ன நோட்டுகள், அட்டையில் 555 என்ற முத்திரை. “மாமா, நோட்டுல எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பையன் சர்க்கரைப் பொட்டலத்தோடு ஓடிவிடுவான். சம்பள நாளில் அப்பா வந்து கணக்கைத் தீர்ப்பார். தீர்க்க முடியாத மாதமும் உண்டு. நோட்டு அடுத்த மாதத்துக்கு நீளும்.

இந்தக் கடன் இலவசம் அல்ல. வராத கடனுக்கும் தாமதமாக வரும் கடனுக்கும் சேர்த்துத்தான் அரிசிக்கு விலை வைத்தாக வேண்டும். அதோடு சில்லறைக் கடைக்காரர் நேரே கப்பலிலிருந்து வாங்கியவர் அல்ல. இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, வட்டார விநியோகஸ்தர் என மூன்று கை மாறி வந்த மூட்டைதான் அவர் கடைக்கு வரும். பழி மட்டும் கடைசிக் கையில் நின்றவர் மேல் விழுந்தது. பதுக்கியவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பதுக்குவதற்குக் கிடங்கு வேண்டும். மாமா கடையில் கால் நீட்டிப் படுக்கவே இடம் கிடையாது.

தொழிற்சங்கம் கடை வைப்பது என்ற யோசனை நான்கு ஆண்டு மூத்தது. 1969 நவம்பரில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தியது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போகின்றன, வேலைநிறுத்தத்தை மட்டும் நம்பிச் சங்கம் நடத்த முடியாது, அப்படியானால் சங்கம் எதற்கு என்பதுதான் அங்கே கேள்வி. உறுப்பினரின் சம்பளத்தை உயர்த்துவதுபோலவே அந்தச் சம்பளம் கரையாமல் காப்பதும் சங்கத்தின் வேலை என்று பேசினார்கள். கூட்டுறவு நிறுவனங்கள் தொடங்குவது என்று முடிவானது. நிதியமைச்சராகப் பேர் வாங்கிய கோ கெங் சுவீ அந்த யோசனைக்குத் துணை நின்றார். சங்கத்தின் தலைமையில் இருந்து அதை நடத்திக் காட்டியவர் தேவன் நாயர். மலாக்காவில் பிறந்த மலையாளி, பின்னாளில் நாட்டின் அதிபர். 1970இல் இன்கம் காப்புறுதி வந்தது, கம்ஃபர்ட் டாக்சி வந்தது. மூன்று ஆண்டு கழித்து மளிகைக்கு இறங்கினார்கள்.

கூட்டுறவுக் கடை என்பது தமிழனுக்குப் புதிதல்ல. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் பங்குப் பணம் சேர்த்து மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் குடும்பம் வளர்கிறது. சென்னையில் திருவல்லிக்கேணி நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே தொடங்கிவிட்டது. அதன் கடைகளில் வாங்கிப் பழகிய வாசகர் வெல்கம் கடையையும் அப்படியே கற்பனை செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டு ரேஷன் கடையை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அட்டை கிடையாது, அளவுக் கட்டுப்பாடு கிடையாது, அரசு மானியம் போட்டு விலையை இறக்கவும் இல்லை.

பிறகு எப்படி இறக்கினார்கள்? எல்லாப் பொருளையும் இறக்கவில்லை. வீட்டுக்கு வீடு வாங்கும் சில பொருள்களை மொத்தமாக வாங்கிக் குறைந்த லாபத்தில் அடுக்கி, விலையை எழுதி வைத்தார்கள். மற்றதை அந்த விலைச்சீட்டு பார்த்துக்கொண்டது. வெல்கத்தில் அரிசி என்ன விலை என்று தெரிந்துவிட்ட பெண்மணி, பக்கத்துக் கடையில் அதற்கு மேல் சொன்னால் மூட்டையைத் தொடவே மாட்டார். விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டிருந்தால் சரக்கு கள்ளச்சந்தைக்குப் போயிருக்கும். அதற்குப் பதிலாக ஊர் நடுவில் ஒரு அளவுகோலை நட்டுவிட்டார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது இந்தத் தந்திரம்தான்.

அளவுகோல் வளர்ந்தது. சங்கங்கள் தனித்தனியே நடத்திய கூட்டுறவுக் கடைகளும் இருந்தன. 1983 மே மாதம் வெல்கமும் சிங்கப்பூர் ஊழியர் கூட்டுறவுச் சங்கமும் ஒன்றாகி ‘ஃபேர்பிரைஸ்’ என்ற பெயர் எடுத்தன. சங்க உறுப்பினர் பங்குக்கு ஈவுத்தொகை, வாங்கியதற்குக் கழிவு. எந்த மளிகைக் கடைக்காரரும் இதற்கு ஈடு கொடுக்க முடியாது. 1985இல் ஷெங் சியோங் என்ற தனியார் பேரங்காடி வந்து, கூட்டுறவு எதுவும் இல்லாமலே அடிமாட்டு விலைக்கு விற்க முடியும் என்று காட்டியது.

நடுவில் பழைய கடைத்தெருக்களை இடித்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகள் எழுந்தன. கடைக்காரர்களுக்குக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் சலுகை வாடகையில் இடம் கிடைத்தது. 1992இல் அந்தக் கடைகளை வாடகைதாரர்களுக்கே விற்கும் திட்டம் வந்தது. இன்றும் பேட்டைகளில் பிழைத்திருக்கும் சில மளிகைக் கடைகளைப் பார்த்து, எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று வியக்கிறோம். பாதிக்குப் பாதி பதில் இதுதான்: கடை சொந்தம். சரக்கில் லாபம் கிடையாது. பேரங்காடியில் சலுகை விலைக்குப் போட்டிருக்கும் மைலோ டின், விநியோகஸ்தர் இவருக்குக் கொடுக்கும் விலையைவிட மலிவாக இருக்கும். அப்போது கடைக்காரரே தள்ளுவண்டியோடு பேரங்காடிக்குப் போய் வாங்கிவந்து தன் கடையில் அடுக்குவது ஊரறிந்த ரகசியம்.

லிட்டில் இந்தியாவில் கதை வேறு வழியில் போனது. அங்கே பெரிதானது சங்கத்தின் கடையும் அல்ல, கிளை பரப்பும் நிறுவனமும் அல்ல. வெல்கம் திறப்பதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1971இல், கேம்பல் லேனில் ஒரு சின்ன ஆடைக் கடை தொடங்கியது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து தள்ளுவண்டியில் உணவு விற்ற முகமது முஸ்தபா, அவருடைய உறவினர் சம்சுதீன், தந்தையின் வண்டிக்குப் பக்கத்தில் சிறுவனாக நின்று கைக்குட்டை விற்ற மகன் முஸ்தாக் அகமது மூவரின் கடை. பேரம் பேசாமல் யாரும் எதையும் வாங்காத தெருவில் இவர்கள் விலையை ஒட்டிவைத்து விற்றார்கள். 1985இல் சிராங்கூன் பிளாசாவுக்கு மாறினார்கள். பிறகு சையத் ஆல்வி சாலையில் கடைவீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, 1995இல் முஸ்தபா சென்டரைத் திறந்தார்கள். 2003 முதல் இரவும் பகலும் திறந்திருந்தது. 2020இல் கிருமித்தொற்று வந்துதான் கதவை மூட வைத்தது.

முஸ்தபாவில் ஏன் மலிவு என்று கேட்டால் ஆளுக்கொரு ரகசியம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை ரகசியமே இல்லை. கட்டடம் சொந்தம், அதனால் வாடகை ஏற்றிக் கழுத்தை நெரிக்க ஆள் இல்லை. சரக்கை நேரே தருவித்துக்கொள்கிறார்கள். ஒரு பொருளில் பத்துக் காசு போதும், ஆயிரம் பேர் வாங்கினால் சரி என்ற கணக்கு. தோ பாயோவில் தொழிற்சங்கம் போட்ட அதே கணக்கைத் தள்ளுவண்டிக் குடும்பம் ஒன்று தனியாகப் போட்டுப் பார்த்தது. அக்கம்பக்கத்தில் ரேடியோ, பெட்டி, சேலை விற்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அங்கே தேக்கா வட்டாரத்துப் பஃப்ளோ சாலையில் காய்கறிக் கடைகள் அப்படியே இருக்கின்றன. வாழைப்பூ, முருங்கைக்காய், பாகற்காயில் இரண்டு ரகம், வெற்றிலை, நுனி கிழியாத வாழையிலை. பேரங்காடியில் கறிவேப்பிலை கண்ணாடித்தாளுக்குள் வேர்த்துப்போய்க் கிடக்கும். இங்கே பழகிய முகத்துக்குக் கொசுறாக ஒரு கொத்து கிள்ளிப் பையில் திணிப்பார்கள். நாளுக்கு நாள் விலை மாறும் பொருளில், பத்துக் கிளைக்கும் ஒரே விலை எழுத வேண்டிய நிறுவனத்தைவிடத் தேக்காக் கடைக்காரர் கை வேகமாக ஓடும். மாலையில் வாடத் தொடங்கிய கீரையைப் பாதி விலைக்குத் தள்ள அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அரிசியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. தாய்லாந்து, வியட்நாம் அரிசிக்குப் பேரங்காடியின் அடுக்கில் மாற்று உண்டு. பொன்னி இல்லாமல் இட்லி வார்க்காத வீட்டுக்கு மாற்று ஏது? தேக்காவில் பொன்னி மூட்டை விலை ஏறியதும் வசவு வாங்கியவர் மறுபடியும் கடைசிக் கையில் நின்ற கடைக்காரர்தான். ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு அளிப்பதாக இந்தியா அறிவித்த பிறகே மூச்சு வந்தது.

இதற்குள் அரசின் கவலை திசை மாறியிருந்தது. 2020இல் தொற்றுக் காலத்தில் சமூக மேம்பாட்டு மன்றங்கள் வழியாகச் சிடிசி பற்றுச்சீட்டு வந்தது. தொடக்கத்தில் அதை உணவங்காடியிலும் பேட்டைக் கடைகளிலும் மட்டுமே செலவழிக்கலாம், பேரங்காடிக்குள் செல்லாது. 2021 டிசம்பரில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி கைபேசியிலேயே வந்தது. பிறகு விலைவாசி மறுபடி ஏற, பேரங்காடியையும் சேருங்கள் என்று குரல் எழுந்தது. 2023 ஜனவரியில் கொடுத்த 300 வெள்ளியை நடுவில் வெட்டினார்கள்: 150 பேரங்காடிக்கு, 150 உணவங்காடிக்கும் பேட்டைக் கடைக்கும். ஒரு பாதியை மறுபாதியின் இடத்தில் செலவழிக்க முடியாது. மளிகைக் கடைக்காரரை அடக்க 1973இல் கடை திறந்துவைத்த அரசு, 50 ஆண்டு கழித்து அவருக்காக ஒரு பங்கை வேலிபோட்டு ஒதுக்க வேண்டியதாயிற்று.

பெரிய கடை என்றால் அசைக்க முடியாது என்றும் இல்லை. 1903இல் தொடங்கிய கோல்டு ஸ்டோரேஜ் பேரங்காடியையும் கூடவே ஜெயண்ட் பேரங்காடியையும் அவற்றின் உரிமை நிறுவனம் 2025இல் ஒரு மலேசிய நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. விலைப் போரில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

சிடிசி பற்றுச்சீட்டில் ஒதுக்கிய பங்கு மளிகைக் கடைக்குத்தான் போகிறதா என்று கேட்டால், என் அக்கம்பக்கத்தில் கண்டவரை இல்லை. பேரங்காடிப் பாதி ஒரு மாதத்துக்குள் அரிசியிலும் எண்ணெயிலும் தீர்ந்துவிடுகிறது. மறுபாதி கோழிச்சோறு, பரோட்டா, முடிவெட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கீழ்த்தளத்து மளிகைக் கடையில் அதை நீட்டுபவர் பெரும்பாலும் உப்போ தீப்பெட்டியோ மறந்துவிட்டு லிஃப்டில் திரும்ப இறங்கி வந்தவர்.