அசையும் அச்சும்: கொல்லமும் வியட்நாமும்

வியட்நாமிய மொழியில் ஓர் அசையை எழுத மெய்யும் உயிரும் மட்டும் போதா, சுரமும் வேண்டும். 'மா' என்னும் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பப் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என ஆறு பொருள் தரும். அசையின் இறுதியில் வரும் வல்லினம் வெடிக்காமல் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். 1651இல் உரோமில் அச்சான அலெக்சாண்டர் தெ ரோட்ஸின் அகராதி, இந்நுட்பங்களை உரோம எழுத்திலும் கிரேக்க மரபிலிருந்து எடுத்த குறிகளிலும் பதிவு செய்தது. அவருக்கு முன்பே பிரான்சிஸ்கோ தெ பினா முதலிய போர்த்துகீசியத் துறவியர் அதற்கு அடித்தளம் இட்டிருந்தனர். ஞகரத்தை இரண்டு உரோம எழுத்துகளால் எழுதும் போர்த்துகீசிய வழக்கம் வியட்நாமியத்தில் இன்றும் உள்ளது.

வியட்நாமிய ஒலியமைப்பே உரோம எழுத்தை வேண்டி நின்றது என்பாருண்டு. தமிழ் தரும் சான்று வேறு.

1544இல் பிரான்சிஸ் சவேரியார், இன்றைய திருவனந்தபுரத்தையும் உள்ளடக்கிய திருவிதாங்கூர்க் கடற்கரையின் மீனவரிடையே பணியாற்றினார். மனப்பாடம் செய்த தமிழ் மன்றாட்டுகளே அவர் கருவி. பத்தாண்டு கழித்து, 1554இல், லிஸ்பனில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சானது, முழுவதும் உரோம எழுத்தில். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி வடிவம் இல்லை. குறில் நெடில் வேறுபாடும் இல்லை. வியட்நாமியத்தில் சுரம் செய்யும் வேலையைத் தமிழில் மாத்திரை செய்கிறது: கல் வேறு, கால் வேறு. குறிகள் சேர்த்திருந்தால் இக்குறை தீர்ந்திருக்கும். வியட்நாமில் பின்னர் நடந்தது அதுதான். இங்கோ வேறு வழி தேர்ந்தனர். திருவனந்தபுரத்திற்கு வடக்கே கொல்லத்தில், 1578 அக்டோபர் 20 அன்று, அண்டிறிக்கிப் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது.

அந்த அச்சில் புள்ளி இல்லை என்பது கவனத்திற்குரியது. மெய் எது, உயிர்மெய் எது என்பதை வாசிப்பவரே அறிந்துகொள்ள வேண்டும். ஒலியைக் காட்டுவதில் அதுவும் குறையுள்ள எழுத்துதான். ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது தடையாகவில்லை. ஓலைச்சுவடியில் அப்படித்தான் அவர்கள் படித்துப் பழகியிருந்தனர். மேற்குறி இட்ட உரோம எழுத்து தேவைப்பட்டது, காதால் கேட்டுப் பழக வேண்டிய அயலவருக்கே.

வியட்நாமிலும் தொடக்கத்தில் நிலைமை இதுவே. உள்ளூர் விசுவாசிகளுக்காக ஜெரோலமோ மயோரிக்கா எழுதிய சமய நூல்கள் சீன எழுத்தின் வழிவந்த 'நோம்' எழுத்தில் அமைந்தவை. தெ ரோட்ஸின் அகராதி வெளிவந்து இரண்டு நூற்றாண்டுகள் உரோம எழுத்து பெரும்பாலும் திருச்சபை வட்டத்திற்குள்ளேயே இருந்தது. அதைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது பிரெஞ்சு ஆட்சி: 1865இல் சைகோனில் அந்த எழுத்தில் அரசுச் செய்தித்தாள் தொடங்கியது, சீன எழுத்துக் கல்விக்கு அடிப்படையாயிருந்த அரசுத் தேர்வு முறை 1919இல் ஹுயே நகரில் முடிவுற்றது.