கோச்சி

கோச்சி: புகையிரதத்துக்கு இலங்கைத் தமிழர் பேச்சில் வழங்கும் பெயர். சிங்களத்தில் கோச்சிய. ஆங்கிலத்தில் ரயிலைப் பொறுத்தவரை ‘கோச்’ என்றால் ஒரு பெட்டிதான்; இங்கே பெட்டியின் பெயர் வண்டி முழுவதற்கும் ஆகிவிட்டது.

பெயரின் பிறப்பிடம் ஹங்கேரி. புடாவிலிருந்து வியன்னா போகும் சாலையில் கொச் என்றொரு சிற்றூர். அங்கே 15ஆம் நூற்றாண்டில் செய்த குதிரை வண்டிகள் பேர்பெற்றதால், ஊர்ப்பெயரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியருக்கு அது குட்ஷே, போர்த்துக்கேயருக்குக் கோச்சே. இலங்கையைப் போர்த்துக்கேயரும் ஆண்டார்கள், ஆங்கிலேயரும் ஆண்டார்கள். கோச்சியை இருவரில் யார் கணக்கில் எழுதினாலும் மூலம் அந்த ஊர்தான்.

ஆங்கிலத்தில் சொல் பல திசையில் போனது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் வண்டிபோல் சுமந்து பரீட்சையைக் கடத்திவிடும் தனி ஆசிரியரைக் ‘கோச்’ என்று கேலியாக அழைத்தார்கள். விளையாட்டுப் பயிற்சியாளர் அதற்குப் பிறகு வந்தவர். இன்று இங்கிலாந்தில் கோச் நெடுந்தூர பஸ். அமெரிக்காவிலோ விமானத்தின் மலிவான வகுப்பு.

இலங்கையிலோ, கண்டிக்கு அருகேயுள்ள பேராதனைக்கு முதலில் வந்தது குதிரைக் கோச். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் போட்ட கொழும்பு–கண்டிச் சாலையில் 1832இல் தபால் கோச் ஓடத் தொடங்கியது. வழியில் மகாவலி ஆறு. அதைக் கடக்க 1833இல் பேராதனையில் முதிரை மரத்தால் ஒரே வளைவாகப் பாலம் கட்டினார்கள். மரத்தோடு மரம் பொருத்திய வேலை. ஆணி அடிக்கவில்லை என்பதே அதன் பெருமை. 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை அது தாங்கியது.

அதற்குள் 1867இல் கோப்பியை ஏற்றிப்போகக் கண்டிவரை ரயில் வந்துவிட்டது. தபால் கோச்சின் குதிரைகளுக்கு வேலை போயிற்று. 1874இல் நாவலப்பிட்டிக்குப் பாதை நீண்டபோது பேராதனை சந்தி நிலையமானது: ஒரு கிளை கண்டி, மாத்தளைக்கு, மற்றது மலையேறி, 1924இல் பதுளையில் போய் முடிந்தது.

இந்தச் சந்தியின் கணக்கு தெரியாத பயணி இன்றும் ஏமாறுவார். கொழும்பிலிருந்து பதுளை போகும் உடரட்ட மெனிக்கே ரயில் கண்டிக்குள் நுழைவதில்லை. கண்டிக்காரர் பேராதனையில் இறங்கி, மிச்சம் ஆறு கிலோமீற்றருக்குப் பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும்.

நிலையத்தின் பலகையில் ‘புகையிரத நிலையம்’ என்றிருக்கும். 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் ‘ட்ரெயின்’ என்பார்கள். கோச்சி இப்போது பெரும்பாலும் மூத்தவர்கள் வாயில்தான்.