சுரூபமும் மேலெழுத்தும்



இவ்வாரத் தியானத்திற்கு மத்தேயு 22:15-22, தானியேல் 5:13-31 ஆகிய இரு பகுதிகளையும் முதலில் வாசித்துவிடுங்கள்.

நமது சபை ஆண்டு விழா நெருங்குகிறது. யார் யாருக்குப் பொன்னாடை, யார் யாருக்குக் கேடயம், அழைப்பிதழில் எவர் பெயர் முன்னே, எவர் பெயர் பின்னே என்ற பேச்சு தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு இதே பட்டியலால் இரண்டு குடும்பங்கள் மனம் கசந்தன என்பதும், ஒரே வரிசையில் அமர்ந்தவர்கள் இன்று ஆலயத்தின் இரு ஓரங்களில் அமர்கிறார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. உங்களை மட்டும் குறை கூற எனக்குத் தகுதியில்லை. சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த கூட்டத்தில் மேடையில் எனக்கு நாற்காலி போடப்படவில்லை. அன்றிரவு வீடு வந்து சேரும் மட்டும் பிரசங்கத்தின் ஒரு வார்த்தையும் என் நினைவில் நிற்கவில்லை. அந்த நாற்காலி மட்டுமே நின்றது. ஆகவே, பட்டங்களையும் பதக்கங்களையும் பற்றிய வரலாற்றைச் சற்று ஆராய்ந்து, எனக்கும் உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

புதுவை நகரிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையை எண்ணிப் பாருங்கள். நகரத்தைத் தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையமும் தமிழ்நாடே. அதன்பின் மீண்டும் புதுவை மாநிலத்துக்குள் நுழைகிறோம். நம் முன்னோர் காலத்தில் இதே வழியில் நடந்தவர், பிரெஞ்சு மண்ணிலிருந்து ஆங்கிலேய மண்ணுக்கும், அங்கிருந்து மறுபடியும் பிரெஞ்சு மண்ணுக்கும் கால் மாற்றி நடந்தார். ஒரே பகலில் இரண்டு இராயர்களின் எல்லைகளைக் கடந்தார். அந்த இரண்டு இராயர்களும் தமக்குப் பணி செய்தோர் மார்பில் பதக்கம் சூட்டினர்.

முதலில் பிரெஞ்சு இராயனைப் பார்ப்போம். 'செவாலியே' என்ற சொல் புதுவையில் அறியாதாரில்லை. நடிகர் சிவாஜி கணேசனுக்கு 1995-இல் பிரெஞ்சு அரசு கலை, இலக்கியத்திற்கான செவாலியே விருதை வழங்கியபின் தமிழகம் முழுவதும் அச்சொல் பரவிற்று. அந்நாட்டு விருதுகளுள் தலையாயது 'லெழியோன் தொன்னேர்' எனப்படும் மாண்பணி. 1802 மே 19 அன்று நெப்போலியன் அதை நிறுவினார். பிரெஞ்சுப் புரட்சி பழைய அரச விருதுகளை ஒழித்திருந்த காலம் அது. பிறப்பைப் பாராமல் போர்வீரருக்கும் குடிமக்களுக்கும் ஒரே விருது என்பது அதன் புதுமை. இவையெல்லாம் விளையாட்டுப் பொருள்கள் என்று ஒருவர் எதிர்த்தபோது, அத்தகைய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டே மனிதர் நடத்தப்படுகின்றனர் என்று நெப்போலியன் மறுமொழி கூறியதாகச் சொல்வர். மனித இருதயத்தை அவர் அறிந்திருந்தார்.

அவ்விருதின் சின்னத்தைக் கவனியுங்கள். செந்நிற நாடாவில் தொங்கும் ஐந்து கைகள் கொண்ட வெண்ணிற நட்சத்திரம் அது. 1804-இல் நெப்போலியன் பேரரசரானபின் அதன் நடுவில் அவருடைய முகம் பொறிக்கப்பட்டது. சுற்றிலும் அவர் பெயர். அவர் வீழ்ந்து பழைய அரச குலம் திரும்பியதும் அம்முகம் அகற்றப்பட்டு, முன்னாள் அரசர் நான்காம் ஹென்றியின் முகம் அங்கே வந்தது. நெப்போலியன் குலத்தார் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது பழைய முகமே திரும்பியது. 1870-இல் அப்பேரரசும் வீழ்ந்தபின், குடியரசைக் குறிக்கும் பெண்முகம் அவ்விடத்தைப் பிடித்தது. நட்சத்திரம் அதே நட்சத்திரம்தான். நாடாவும் அதே நாடாதான். சுரூபமும் மேலெழுத்தும் மட்டும் மாறிக்கொண்டே வந்தன.

இனி, சாலையின் அப்புறத்தில் ஆண்ட ஆங்கிலேய இராயனிடம் வருவோம். 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் பெரும் தர்பார் கூட்டி, விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்டார். அப்பட்டத்திற்கு இந்திய மொழி வடிவமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது 'கைசர்-இ-ஹிந்த்' என்பது. கைசர் என்பது வேறன்று. உரோமரின் சீசர் என்ற பட்டமே பாரசீகம், உருது வழியாக நம் நாட்டுக்கு வந்த வடிவம். நம் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் அதே சீசரைத் தமிழில் 'இராயன்' என்று எழுதினர். விஜயநகர வேந்தர்கள் தரித்திருந்த பட்டமும் 'இராயர்' என்பதே. ஆகவே அச்சொல் தமிழர் காதுக்கு எளிதில் விளங்கிற்று. எனவே கைசர்-இ-ஹிந்த் என்பதை நம் வேதாகமத் தமிழில் சொன்னால், 'இந்தியாவின் இராயன்' என்றாகும்.

டெல்லியில் அந்த விழா நடந்த நாட்களில் நம் பகுதியின் நிலை என்ன? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிக்கொண்டிருந்தது. அப்பஞ்சத்தில் நாடெங்கும் இறந்தோர் 50 இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் போதும் என்று ஆட்சியாளர் கணக்கிட்ட காலம் அது. பேரரசி என்ற மேலெழுத்து பொறிக்கப்பட்ட வேளையில், அதற்குக் கீழே இருந்தவர்கள் பசியால் மடிந்தனர். பதக்கத்தின் வரலாற்றைப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அப்பட்டத்தின் பெயரிலேயே 1900 ஏப்ரல் 10 அன்று விக்டோரியா அரசியார் 'கைசர்-இ-ஹிந்த்' பதக்கத்தை நிறுவினார். அதற்கு முன்பே 'இந்திய நட்சத்திரம்', 'இந்தியப் பேரரசு' என்னும் பெயர்களில் உயர்விருதுகள் இருந்தன. அவை பெரும்பாலும் சமஸ்தான மன்னர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் உரியவையாய் இருந்தன. இப்பதக்கமோ இனம், தொழில், பதவி, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, இந்தியாவில் பொதுநலத் தொண்டு செய்த எவருக்கும் உரியது. அதனால் மருத்துவர்களும் மிஷனெரிகளும் பெண்களும் இதைப் பெற்றனர். நீள்வட்ட வடிவம், ஒருபுறம் அரசரின் பெயரெழுத்து முத்திரை, மறுபுறம் இந்தியாவில் பொதுத்தொண்டுக்காக என்னும் பொருள்பட்ட வாசகம். பொன், வெள்ளி என இரு வகுப்புகள் முதலில் இருந்தன. வெண்கலம் பின்னர் வந்தது. இதைப் பெற்றவர் பெயருக்குப் பின்னால் எந்த எழுத்தையும் சேர்த்துக்கொள்ள முடியாது. மார்பின் இடப்பக்கம் அணிந்துகொள்ளலாம், அவ்வளவே.

இப்பதக்கம் மூவர் கைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாமவர் டாக்டர் ஐடா ஸ்கடர். நமக்கு அருகிலுள்ள திண்டிவனத்தில் அவருடைய தகப்பனார் மிஷனெரி மருத்துவராக இருந்தார். 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு, மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவும்படி இளம்பெண்ணான ஐடாவை அழைத்தனர். ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் வழக்கம் அனுமதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்துபோயினர். அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பியது. பதக்கம் நிறுவப்பட்ட அதே 1900-இல் அவர் மருத்துவராகத் திரும்பி வந்து, ஒரே ஒரு கட்டிலுடன் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்று நம்மில் எத்தனை பேர் நோயாளிகளை அழைத்துக்கொண்டு வேலூருக்கு இரயில் ஏறியிருக்கிறோம்! பின்னாளில் கைசர்-இ-ஹிந்த் பொற்பதக்கம் அவரைத் தேடி வந்தது. அவர் ஏற்றுக்கொண்டார், வேலையைத் தொடர்ந்தார். பார்வோன் தன் முத்திரை மோதிரத்தையும் பொற்சரப்பணியையும் அணிவித்தபோது யோசேப்பு மறுக்கவில்லை. உடனே எகிப்து தேசமெங்கும் சுற்றிப் புறப்பட்டுப் பஞ்சத்துக்காகத் தானியம் சேர்த்தான். கனத்தை ஏற்றுக்கொள்வது பாவமன்று. அதைப் பெற்றபின் களஞ்சியத்தை மறந்துபோவதே பாவம்.

இரண்டாமவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலிப் பகுதியிலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயானவர். 1919-ஆம் ஆண்டு அரசரின் பிறந்தநாள் விருதுப் பட்டியலில் அவருடைய பெயர் இடம்பெற்றது. அவர் மகிழவில்லை, கலங்கினார். சென்னை மாகாண ஆளுநராய் இருந்த பென்ட்லண்டு பிரபுவுக்குக் கடிதம் எழுதி, இதை வாங்காதிருக்க அனுமதி கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று பணிவுடன் வினவினார். தாம் இதற்குத் தகுதியான எதையும் செய்யவில்லை என்றும், அசட்டைபண்ணப்பட்ட தம் ஆண்டவரின் அனுபவத்திற்கு இவ்வளவு மாறான ஓர் அனுபவம் தம்மைத் துயரப்படுத்துகிறது என்றும் எழுதினார். மறுப்பது தகாது என்று பிறர் வற்புறுத்தவே, முடிவில் இசைந்தார். ஆயினும் அதைச் சூட்டும் விழாவுக்குச் சென்னைக்குப் போகவில்லை; பிள்ளைகளோடு டோனாவூரிலேயே இருந்துவிட்டார்.

இங்கே தானியேலை நினைத்துக்கொள்ளுங்கள். பெல்ஷாத்சார் இரத்தாம்பரமும் பொற்சரப்பணியும் தருவதாகச் சொன்னபோது, உம்முடைய வெகுமானங்கள் உம்மிடமே இருக்கட்டும் என்ற பொருளில் தானியேல் பதிலுரைத்தான். ஆனாலும் அவனுக்கு அவற்றை அணிவித்தார்கள். அன்று இராத்திரியிலேயே அந்த இராஜ்யம் கைமாறியது. அவன் கழுத்திலிருந்த சரப்பணிக்கு ஓர் இரவு மட்டுமே ஆயுள். அவன் வாசித்துச் சொன்ன எழுத்தை நாம் இன்றும் தியானிக்கிறோம்.

மூன்றாமவர் மகாத்மா காந்தி. தென்னாப்பிரிக்காவில் அவர் ஆற்றிய தொண்டுக்காக 1915-இல் கைசர்-இ-ஹிந்த் பொற்பதக்கம் பெற்றார். அவர் அதை மதித்தார். ஆனால் 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் நிராயுதபாணிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த மே மாத இறுதியில் இரவீந்திரநாத் தாகூர் தமது 'சர்' பட்டத்தைத் துறந்தார். ஏமி அம்மையாரின் பெயர் பட்டியலில் வெளியானது அதற்குச் சில நாட்களுக்குப் பின்னரே என்பதை எண்ணிப் பாருங்கள்! அதற்கும் ஓராண்டு முன்னமே நம் சென்னையில் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் பட்டங்களைத் துறந்திருந்தார். காந்தியடிகள் 1920 ஆகஸ்ட் முதல் நாள் தமது பொற்பதக்கத்தையும் இரண்டு போர்ப் பதக்கங்களையும் வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். மனவேதனை இல்லாமல் அனுப்பவில்லை என்பதையும் கடிதத்தில் தெரிவித்தார். பஞ்சாபில் நடந்த அநீதியும் கிலாபத் விவகாரத்தில் மீறப்பட்ட வாக்குறுதியும் அவருக்குப் பதக்கத்தைவிடக் கனமாயிருந்தன. அவர் கிறிஸ்தவரல்லர், ஆயினும் இராயனுடையதை இராயனுக்கே செலுத்துவது என்பதன் இன்னொரு பொருளை நமக்குக் கற்பித்தார். நம் வாயை அடைப்பதற்கு ஒரு பதக்கம் விலையாகும்போது, அதைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

ஒருவர் ஏற்றார்; ஒருவர் தயங்கினார்; ஒருவர் திருப்பிக் கொடுத்தார். இம்மூவரில் யார் சரி என்று நம்மிடம் கேட்கப்படவில்லை. மூவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: அந்தப் பொன் அவர்கள் இருதயத்தின்மேல் தன் சுரூபத்தைப் பதிக்கவில்லை.

ஆண்டவரிடம் வரிக்காசைக் கொண்டுவந்தவர்கள் காட்டியதும் ஒரு பதக்கம் போன்றதே. அதில் திபேரியுராயனின் முகம். தெய்வீக அகுஸ்துவின் குமாரன் என்ற மேலெழுத்து. இராயனின் முகம் பதிந்த நாணயம் இராயனுக்குரியது. அப்படியானால் தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதன் யாருக்குரியவன்? கேட்டவர்கள் வாயடைத்துப் போனது அதனால்தான். ஆமானை நினைத்துப் பாருங்கள். அரசனுக்கு அடுத்த ஆசனத்தில் இருந்தும், வாசலில் உட்கார்ந்த மொர்தெகாய் ஒருவன் எழுந்து நிற்காதது அவன் விருந்தைக் கசப்பாக்கியது. என் நாற்காலியும் அப்படித்தான் என் பிரசங்கத்தை விழுங்கியது.

1947-இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் முடிவுக்கு வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சியும் புதுவையை விட்டு நீங்கியது. இரண்டு இராயர்களும் போய்விட்டனர். நம் கரையைக் கடல் அரித்து, நேற்று வீடு நின்ற இடத்தில் இன்று அலை புரள்வதைப் பார்க்கிற நமக்கு, இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏமி அம்மையார் 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் மரித்தார். தம் கல்லறைக்குமேல் கல் எதுவும் நாட்ட வேண்டாம் என்று முன்னமே கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் வந்து நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: அம்மை. பேரரசரின் பெயரெழுத்து கொண்ட பதக்கத்தைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. அவருக்குக் கிடைத்த மேலெழுத்து, அவர் வளர்த்த பிள்ளைகள் எழுதியது.

அன்பானவர்களே, ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதை நான் தடுக்கப்போவதில்லை. கனத்திற்குரியவர்களைக் கனப்படுத்துவோம். ஆனால் பட்டியலை எழுதுமுன் இருபது ஆண்டுகளாக விடியற்காலையில் ஆலயத்தைப் பெருக்கும் தாயாரையும், கடலுக்குப் போய் வந்த களைப்போடு சனி இரவு நாற்காலிகளை அடுக்கும் தம்பிமாரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் விடுபட்டால், ஆமானைப்போல வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் பெயர் இடம்பெற்றால், யோசேப்பைப்போல மறுநாளே வேலைக்குப் போங்கள். ஆலயத்தின் இரு ஓரங்களில் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு குடும்பத்தாரையும் வரும் ஞாயிறு ஒரே வரிசையில் காண ஆவலோடு காத்திருக்கிறேன். அந்த வரிசையில் எனக்கும் சற்று இடம் விடுங்கள். அன்று மேடை நாற்காலி எனக்கு வேண்டாம்.

ஜெபம்: ஆண்டவரே, மனிதர் தரும் மகிமையை நாடி அலையும் எங்கள் இருதயத்தைத் திருப்பியருளும். உமது சாயல் எங்களில் மங்கிப்போகாதபடி காத்தருளும். ஒருவரையொருவர் கனம்பண்ணுகிறதில் முந்திக்கொள்ள எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்
பிள்ளைச்சாவடி