அன்றன்று எழுதிய வரி

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், என் தந்தையாரின் சைக்கிள் ஒரு நாள் கடைத்தெருவில் களவு போயிற்று. தந்தையார் போலீஸ் நிலையத்திற்குச் சென்று புகார் எழுதிக் கொடுத்தார். நானும் உடன் சென்றிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, "விசாரணையில் இருக்கிறது" என்ற விடை கிடைத்தது. அடுத்த மாதமும் அதே விடைதான். வீடு திரும்பும் வழியில் தந்தையார் சொன்னார்: "விசாரணையில் இருக்கிறது என்கிறார்களே, எந்தத் தேதியில் எங்கே போனார்கள், யாரைக் கேட்டார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருப்பார்கள் அல்லவா? அதைத்தானே நான் கேட்கிறேன்?"

பிற்காலத்தில் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அப்படி ஒரு காகிதம் உண்மையிலேயே உண்டென்பதையும், அது சும்மா தோன்றிவிடவில்லை என்பதையும் அறிந்தேன். வழக்கு நாட்குறிப்பு என்பது அதன் பெயர். மாணவ நண்பர்களே, அதன் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கும்பெனியார் ஆட்சிக் காலத்துச் சென்னை ராஜதானியை நினைத்துப் பாருங்கள். 1816-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லாக்களின் போலீஸ் பொறுப்பு கலெக்டரிடம் இருந்தது. அவருக்குக் கீழே தாசில்தார். நிலவரியை வசூலித்தவரும் அவரே. திருடனைப் பிடித்தவரும் அவரே. ஒரே கையில் இவ்விரண்டு அதிகாரங்களும் சேர்ந்தால் எளிய குடியானவனின் கதி என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1854-இல் இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் இக்கொடுமை பற்றிய பேச்சு எழுந்தது. அதன் விளைவாகச் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட கமிஷன் அமைக்கப்பட்டது. 1855-இல் அவர்கள் தந்த அறிக்கை சித்திரவதைக் கமிஷன் அறிக்கை என்று வரலாற்றில் பெயர் பெற்றது. அதில் நம் தமிழ்ச் சொற்கள் சில ஆங்கில எழுத்தில் நிற்கின்றன. ஒன்று கிட்டி, விரல்களை இடுக்கி நெரிக்கும் மரக்கோல். இன்னொன்று அண்ணாந்தாள், மனிதனை வளைத்துக் கட்டி அசையவிடாமல் வைக்கும் தண்டனை. வரி பாக்கிக்காகவும் இவை நடந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் நடந்தன. நம் மொழியின் சொற்கள் இத்தகைய செயல்களுக்காக ஓர் அரசாங்க அறிக்கையில் இடம்பெற்றதைப் படித்தபோது என் மனம் குன்றியதை இன்றும் மறக்க முடியவில்லை.

இந்த அறிக்கைக்குப் பின் சீர்திருத்தம் பிறந்தது. 1859-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானிக்கென்று தனிப் போலீஸ் சட்டம் இயற்றப்பட்டு, போலீஸ் வேலை வரிவசூல் வேலையினின்று பிரிக்கப்பட்டது. 1861-இல் போலீஸ் சட்டமும், குற்ற விசாரணை முறைச் சட்டமும் வந்தன. போலீஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் கைதிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்ற விதி அப்போது தோன்றி, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்றது. இன்றும் அது நம் சட்டத்தில் இருக்கிறது. அதே 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான், விசாரிக்கும் அதிகாரி தம் நடவடிக்கைகளை நாள்தோறும் ஒரு குறிப்பில் எழுத வேண்டும் என்ற கடமையும் புகுந்தது. ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றையே நம்பி வழக்கை முடிக்கும் வழி அடைபட்டது. இனி அதிகாரி நடந்து திரிந்து உண்மையைத் தேட வேண்டும். தேடினார் என்பதற்கு எழுத்தும் வேண்டும்.

அந்தக் குறிப்பில் எழுத வேண்டியவை எவை? சட்டம் அவற்றைத் திட்டமாகச் சொல்லுகிறது. தகவல் கிடைத்த நேரம். விசாரணையைத் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும். சென்று பார்த்த இடங்கள். விசாரணையில் தெரிய வந்த நிலைமைகள். படிப்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆயினும், நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கையொப்பமிட்ட மனிதர், பிற்பாடு "நான் அங்கே இல்லை" என்றோ, "அன்றே அவனைப் பிடிக்கவில்லை" என்றோ எளிதில் சொல்லிவிட முடியாது.

இதன் பயன் முழுவதும் விளங்கும் இடம் ஒன்று உண்டு. கைது செய்யப்பட்டவரை இருபத்துநான்கு மணி நேரத்திற்கு மேல் போலீஸார் தாமாகவே காவலில் வைத்திருக்க இயலாது. அதற்குள் விசாரணை முடியாவிடில், கைதியை மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும். கூடவே நாட்குறிப்பின் நகலையும் அனுப்ப வேண்டும். இம்மனிதரை மேலும் அடைத்து வைக்கக் காரணம் உண்டா என்பதை மாஜிஸ்டிரேட் அந்த வரிகளைப் படித்துத்தான் அறிகிறார். ஒருவருடைய சுதந்திரமே சில வரிகளைப் பொறுத்து நிற்கிறது.

இக்குறிப்பைச் சாட்சியமாகக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது. நீதிமன்றம் உண்மையைத் தேடுவதற்கு ஒரு துணையாக மட்டும் பயன்படுத்தலாம். 1897-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் முழு அமர்வில் இதனை விரிவாக விளக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் இதைப் பார்க்கவும் பொதுவாக உரிமையில்லை. துப்புக் கொடுத்தவர் பெயரும், இன்னும் தேடி முடியாத வழிகளும் அதில் இருக்கக்கூடும் என்பதே காரணம். ஆனால் சாட்சி கூற வந்த அதிகாரி தம் நினைவைப் புதுப்பிக்க அதைப் புரட்டிப் பார்த்தாலோ, அவர் சொல்லை மறுக்க நீதிமன்றமே அதை எடுத்தாலோ, எதிர்த் தரப்பும் அப்பகுதியைப் பார்க்கலாம்.

மூடி வைத்த ஏட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. பத்து நாள் வேலையைப் பதினோராம் நாள் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டால் என்ன செய்வது? முடிவு தெரிந்த பின் எழுதும் குறிப்பு, முடிவுக்கு ஏற்றபடி வளையும். விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் மாணவனின் நிலைதான் அது. 1983-இல் உச்ச நீதிமன்றம், டில்லியில் மகளை இழந்த ஒரு தந்தையின் வழக்கில், நாட்குறிப்பு ஒழுங்கின்றி எழுதப்பட்டதைக் கண்டித்தது. உடனுக்குடன், விவரமாக, கால வரிசைப்படி, விருப்பு வெறுப்பின்றி எழுதாவிடில் அதன் நோக்கமே கெடும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பின்னர், 2009-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், நாட்குறிப்பு பக்க எண்ணிட்ட ஏடாக இருக்க வேண்டும் என்று விதித்தது. தாளை உருவவும் செருகவும் இடந்தராமலிருக்கவே இவ்வேற்பாடு.

விசாரணை முடிந்ததும் இறுதி அறிக்கை மாஜிஸ்டிரேட்டுக்குச் செல்லும். குற்றவாளி இன்னார் என்று தெரிந்தால் அது குற்றப்பத்திரிகை. துப்புத் துலங்காவிட்டால் அதையும் எழுதித் தெரிவிக்க வேண்டும். அப்படி வழக்கை முடிக்குமுன், புகார் கொடுத்தவருக்கு அறிவித்து அவர் சொல்லையும் கேட்க வேண்டும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடித்த பின்னரும் புதிய தடயம் கிடைத்தால் மேல் விசாரணை செய்யலாம் என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே கூறியிருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இன்னும் ஒரு படி முன் சென்றிருக்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள், புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ அதிகாரி தெரிவித்தாக வேண்டும். என் தந்தையார் வழியில் நின்று கேட்ட கேள்விக்குச் சட்டம் விடை தருவதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

அந்தச் சைக்கிள் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பின், கண்டுபிடிக்க முடியவில்லை என்று தெரிவிக்கும் காகிதம் ஒன்று வீட்டுக்கு வந்தது. தந்தையார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார். "கிடைக்காவிட்டாலும், இப்போது ஒரு பதில் இருக்கிறது" என்றார்.

உங்களுள் சிலர் நாளை போலீஸ் அதிகாரிகளாகலாம், சிலர் வழக்கறிஞர்களாகலாம், எல்லோருமே குடிமக்களாக இருப்பீர்கள். இரவு நெடுநேரம் கழித்து, களைத்த கையுடன் ஓர் அதிகாரி அன்றைய வரியை அன்றே எழுதுவாரானால், அந்த வரியால் காக்கப்படுபவர் யாரோ ஒருவர் உண்டு. சிறையில் இருக்கும் கைதியாகவும் அவர் இருக்கலாம். வாயிலில் காத்திருக்கும் தந்தையாகவும் இருக்கலாம்.