ரேடியோப் பெட்டியிலிருந்து பருத்திக் கிட்டங்கிக்கு

ராஜபாளையத்தில் நண்பர் ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பருத்திக் கிட்டங்கியில் இன்று இரண்டு பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் மேலே 8 அங்குல ஸ்பீக்கர், கீழே 15 அங்குல ஊஃபர். பெட்டி கிடையாது. பின்னால் சுற்றிப்போய்ப் பார்த்தால் மெல்லிய திரைத்துணி வழியே காந்தமும் ஒயரும் தெரியும். மேலே இருக்கும் 8 அங்குல ஜோடியின் கதைதான் இது. இரண்டும் வால்வு ரேடியோக்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்று ராஜபாளையத்து வீட்டுப் பரணில் கிடந்தது. மற்றது 12 கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றின் அலமாரியில் இருந்தது.

இவற்றின் வம்சம் 1925-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர், காகிதக் கூம்பின் கழுத்தில் கம்பிச்சுருளைக் கட்டி, காந்தத்தின் இடுக்கில் அதை முன்னும் பின்னும் ஆடவிட்டு ஒலி எழுப்பும் முறையை அந்த ஆண்டு எழுதி வெளியிட்டார்கள். நூறு ஆண்டு கழித்தும் கடையில் விற்கிற பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அமைப்பு அதுதான். ஆரம்பத்தில் மின்காந்தம்தான் இருந்தது. 1930-களில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ என்ற நிரந்தரக் காந்தம் வந்தது. மின்சாரம் கொடுக்காமலே இழுவை தந்ததால் ஸ்பீக்கர் எளிமையானது, வீட்டு ரேடியோவுக்குள் வசதியாக உட்கார்ந்தது.

தமிழ்நாட்டில் அதற்கான காலமும் கனிந்துகொண்டிருந்தது. 1931-ல் 'காளிதாஸ்' வந்து சினிமா பேசத் தொடங்கியது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. 1957-ல் விவித பாரதி வந்தது. இலங்கை வானொலியும் சேர்ந்துகொள்ள, பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் என்று தேக்கு நிற மரப்பெட்டிகள் வசதியுள்ள வீடுகளின் பட்டாசாலையில் இடம்பிடித்தன. தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலம் அது.

அந்த ரேடியோவைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பின்பக்கம் முழுக்க ஓட்டை போட்ட அட்டை. வால்வின் சூடு வெளியேற அது வேண்டும். ஆகவே ஸ்பீக்கரின் முதுகும் திறந்தே இருந்தது. பெட்டி மாதிரித் தெரிந்தாலும், ஒலிக் கணக்கில் அது மடித்து வைத்த பலகைதான். ஸ்பீக்கரையும் அதற்கேற்றபடியே செய்தார்கள். ஒற்றை இ.எல். 84 வால்விலிருந்து கிடைப்பது சுமார் 5 வாட். அந்தக் கொஞ்ச மின்சாரத்திலும் தெரு வரை கேட்க வேண்டுமென்றால் கூம்பு இலேசாக இருக்க வேண்டும். அதனால் மெல்லிய காகிதம். கூம்பைத் தாங்கும் ஓரத்தையும் ரப்பர் வைக்காமல், அதே காகிதத்தில் மடிப்பு மடிப்பாக வார்த்தார்கள். காந்தமும் சிறியதுதான்.

இந்த இலேசும் சிறுமையும்தான் பிறகு குறையாகப் பேசப்பட்டன. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டிக்குள்ளிருந்து ஆழமான பாஸ் எடுத்துக் காட்டினார். அதற்குக் கனமான கூம்பு வேண்டும், நிறைய வாட்டும் வேண்டும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் வந்ததும் வாட் மலிவாகிவிட்டது. ஸ்டீரியோ வந்தபோது வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கு இடம் தேட வேண்டியிருந்ததால் எல்லோருக்கும் சின்னப் பெட்டியே பிடித்தது. 1978-ல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் சுரங்கப் பகுதியில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிற, அல்னிகோவின் இடத்தை ஃபெரைட் காந்தம் பிடித்தது. நம் ஊரில் டிரான்ஸிஸ்டர் ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிவி என்று ஒவ்வொன்றாக வர, வால்வு ரேடியோ பரணுக்கு ஏறியது. அங்கிருந்து எடைக்குப் போனவை ஏராளம்.

நம் ஜோடி எடைக்குப் போகாமல் தப்பியது. பரணிலிருந்து இறக்கிய ரேடியோவில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஸ்பீக்கரை மட்டும் கழற்றி, அதற்கு இணை தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கடைக்காரப் பெரியவர் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது இன்னும் பாடுமா?"

"காந்தம் திருப்புளியை எப்படி இழுக்குது பாருங்க தம்பி. காகிதம் மட்டும் பத்திரம்."

அவர் பார்த்த விதத்தை ஒவ்வொரு படியாகச் சொல்லவேண்டும். முதலில் இரண்டு கையின் விரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்திக் காதை வைத்துக் கேட்டார். சுருள் காந்தத்தில் உரசினால் மணல் அரைபடும் சத்தம் வரும். வரவில்லை. அடுத்து மீட்டர். ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை என்று அர்த்தம். பிறகு 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டையை ஒயரில் தொட்டுத் தொட்டு எடுத்தார். 'டக்' என்று கூம்பு முன்னால் வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். அதில் சிவப்பு மையால் புள்ளி வைத்தார். ஜோடியில் ஒன்று முன்னால் வரும்போது மற்றது பின்னால் போனால் பாஸ் செத்துவிடும். கடைசியாக, கூம்பின் ஓரத்தில் இருந்த நகமளவு கிழிசலில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை, தண்ணீர் விட்டு இளக்கிய ஃபெவிகால் தொட்டு ஒட்டினார். கனம் கூடினால் குரல் மாறிவிடும் என்பதால் பசையைத் தூரிகை நுனியால் மட்டும் எடுத்தார்.

இனி கிட்டங்கி. நீளமான அறை, உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் தரை. பஞ்சு மூட்டைகள் போனபிறகு உள்ளே நின்று பேசினால் பேச்சு சுற்றிச் சுற்றி வரும். நண்பர் அங்கே வாசகசாலையும் மாலையில் இசை கேட்க ஓர் இடமும் வைக்க நினைத்தார். பெட்டி ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தபோது பாஸ் 'ஊம்' என்று அறையை நிறைத்துப் பாட்டின் சொல்லை விழுங்கியது.

பலகை இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. பெட்டியிலிருந்து வரும் பாஸ் எல்லாத் திசையிலும் பரவும். திறந்த பலகையில் கூம்பின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிராக இருப்பதால், பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துவிடும். முன்னும் பின்னும் மட்டும் போகும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதே அளவு சத்தம் கேட்கும்போது, அறைக்குள் கொட்டப்படும் ஒலியாற்றல் மூன்றில் ஒரு பங்குதான். எதிரொலியும் அந்த அளவுக்குக் குறையும். எந்தத் தூரம்வரை பாட்டு தெளிவாகக் கேட்குமோ அந்தத் தூரம் சுமார் 1.7 மடங்கு கூடும். பெரிய அறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு ஒரு விலையும் உண்டு. விசிறியின் காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் திரும்புவதைப்போல, தாழ்ந்த ஒலி பலகையின் ஓரத்தைச் சுற்றிப்போய்ப் பின்பக்க ஒலியோடு கலந்து அழியும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். இரண்டரை அடி அகலப் பலகை அதை எப்படித் தடுக்கும்? சுமார் 230 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் இழப்பு. அதை ஈடுகட்டத்தான் 15 அங்குல ஊஃபர். மைக் செட் கடை ஒன்றில், காந்தம் சின்னது, இந்தக் காலத்து பாஸுக்குத் தாங்காது என்று ஒதுக்கிவைத்த ஜோடி அது.

ஒதுக்கிய அதே காரணத்துக்காகத்தான் நாங்கள் அதை எடுத்தோம். 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் வளர்த்த கணக்கில் க்யூ.டி.எஸ். என்று ஓர் எண் உண்டு. காந்தமும் ஓரமும் சேர்ந்து கூம்பின் ஆட்டத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதை அது சொல்லும். காந்தம் வலுவானால் எண் குறையும். துளையிட்ட பெட்டிக்கு 0.4-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. திறந்த பலகைக்கு 0.7-க்கு மேல் வேண்டும். அப்போதுதான் தாழ்ந்த ஒலியில் கூம்பு தாராளமாக ஆடி, ஓரத்தில் தொலைந்ததைத் திருப்பித் தரும். சின்னக் காந்தம் போட்ட பழைய ஸ்பீக்கர்களில் இந்த எண் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும்.

மற்ற வேலையெல்லாம் சுற்றுவட்டாரக் கைகள் செய்தவை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நாலடி உயரப் பலகை. இரு பக்கமும் ஓரடிக்கு இறக்கை வைத்து, ஒலி சுற்றிவரும் பாதையை நீட்டினோம். ஆசாரி 8 அங்குல ஸ்பீக்கரை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளித் துளை போட்டார். எல்லா ஓரமும் சம தூரத்தில் இருந்தால் ஒரே அதிர்வெண்ணில் பள்ளம் விழும். ஊஃபருக்கான கம்பிச்சுருளை மோட்டார் காயில் கட்டும் கடையில் சுற்றினோம். 8 ஓம் ஊஃபரை 200 ஹெர்ட்ஸில் வெட்ட சுமார் 6.4 மில்லிஹென்றி போதும். நாங்கள் இரு மடங்கு சுற்றச் சொன்னோம். சுருள் 100 ஹெர்ட்ஸிலிருந்து மேலே போகப் போகச் சத்தத்தைக் குறைக்கும். பலகை கீழே போகப் போகக் குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பாஸ் நுழைந்து மேல் ஸ்பீக்கரின் காகிதத்தைக் கெடுக்காதபடி அதற்குப் புதுக் கப்பாசிட்டர் போட்டோம். பழைய ரேடியோக் கப்பாசிட்டர் உள்ளே காய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. தூசிக்கும் பூச்சிக்கும் திரையாக, பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினோம். இடைவெளி விட்டு நெய்த அந்தத் துணி ஒலிக்குத் தடையாவதில்லை.

பலகைகளைப் பின்சுவரிலிருந்து 5 அடி தள்ளி நிறுத்தினோம். பின்பக்க ஒலி சுவரில் பட்டுத் திரும்ப சுமார் 9 மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடைவெளி இருந்தால் காது அதை நேர் ஒலியோடு குழப்பிக்கொள்ளாமல் விரிவாக உணரும். சுவரை ஒட்டி வைத்தால் பலகையின் நன்மை பாதி போய்விடும்.

முதலில் போட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். வீதியில் வாசிப்பதற்கென்றே பிறந்த வாத்தியம் அது. மூச்சு சீவாளியில் நுழையும் இடம் தெரிந்தது. தவிலில் விரற்கூடு போட்ட வலந்தலைச் சொல்லும் கழி விழும் தொப்பியும் தனித்தனியாக நின்றன. கடைசி வரிசையில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். சினிமாவின் இடி முழக்கம் இதில் வராது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிற ஆழத்தை இந்தப் பலகையிடம் கேட்கக் கூடாது. மனிதக் குரலும் வாத்தியமும் வாழும் இடத்தில் இது தாராளமாக நிற்கிறது. செலவோ, இத்தனை பெரிய அறைக்குப் புது ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் சிறு பங்குதான்.

ஒரு பொருள் பழசானதால் மட்டும் பயனற்றுப் போவதில்லை. அதற்கேற்ற இடத்திலிருந்து அதை எடுத்துவிட்டோம் என்பதுதான் பல சமயம் நடந்தது. சின்னப் பெட்டிக்கு ஆகாத காகிதமும் சின்னக் காந்தமும் பெரிய அறைக்குப் பொருத்தமானவை. உங்கள் வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ கிடந்தால், எடைக்குப் போடும் முன் பின் அட்டையைக் கழற்றி, கூம்பு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் ஊரில் இன்னும் கடை திறந்து வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். கூடவே வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கூட்டிப்போங்கள். கிழிந்த காகிதத்தை ஒட்டும் அந்தக் கைவேலையை அடுத்தவர் கற்றுக்கொண்டால்தான் இந்த ஸ்பீக்கர்கள் இன்னொரு தலைமுறைக்குப் பாடும்.