அரிக்கும் ஓடையும் குடியிருப்போரின் குரலும்: வைல்ட்கேட் ஓடையை முன்வைத்து

நகர ஓடையில் கரை அரிப்பு கரையில் தொடங்குவதில்லை. மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைநீர் கூரையிலும் தார்ச்சாலையிலும் விழுந்து, வடிகால் குழாய் வழியே சில நிமிடங்களில் ஓடையை அடைந்துவிடுகிறது. சிறுமழைக்கும் ஓடை பெருக்கெடுக்கிறது. முதலில் ஓடையின் தரை ஆழமாகிறது. பிறகு செங்குத்தாகிப்போன கரை தன் எடை தாங்காமல் சரிகிறது. மரவேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. தரைக்கு அடியில் புதைத்த கழிவுநீர்க் குழாய் வெளியே தெரிகிறது. நகரமயமாதல் வெள்ள உச்சத்தை எப்படி உயர்த்துகிறது என்பதை நீரியலாளர் லூனா லியோபோல்டு 1968-லேயே விளக்கிவிட்டார்.

ஆக, அரிப்பின் காரணம் நீர்ப்பிடிப்புப் பகுதியின் வீட்டுமனைகள் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டங்களிலோ நடைபாதை எந்தப் பக்கம், இருக்கை எத்தனை என்ற அளவில்தான் பெரும்பாலும் பேச்சு நடக்கிறது. வரைபடம் முடிந்தபின் ஒப்புதல் வாங்குவது மக்கள் பங்கேற்பு ஆகாது. எதை மீட்பது, நீரை எங்கே தடுப்பது, வண்டலை எங்கே இறக்குவது என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே குடியிருப்போர் இருக்க வேண்டும். நியாயத்துக்காக மட்டுமல்ல, ஓடையின் இயக்கமே அதைக் கோருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலிபோர்னியாவில் பெர்க்லி குன்றுகளில் பிறந்து சான் பாப்லோ விரிகுடாவில் கலக்கும் வைல்ட்கேட் ஓடை இதற்கு வலுவான சான்று. அதன் கீழ்ப்பகுதியில் உள்ள வடக்கு ரிச்மண்ட், இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பல் கட்டும் தளங்களை ஒட்டி வளர்ந்த ஊர். கறுப்பின உழைக்கும் மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கிய ஊர். 1970-களில் மக்களும் சேர்ந்து உருவாக்கிய திட்டம் பணமின்றி நின்றுபோனது. 1980-களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் செலவைக் குறைத்து, மரமற்ற நேர்க்கால்வாய் ஒன்றை முன்வைத்தது. ஏழை ஊருக்கு இது போதும் என்ற கணக்கை அங்குள்ள அமைப்புகள் ஏற்கவில்லை. வெள்ளத் தடுப்பும் வேண்டும், மரமும் பாதையும் வேண்டும் என்று மாற்றுத் திட்டத்தோடு வந்தார்கள். கழிமுகச் சதுப்பில் வண்டல் சேர்ந்துவிடும் என்ற சூழலியல் ஆட்சேபமும் அவர்களுக்குத் துணைநின்றது. பல மாதப் பேச்சுக்குப் பின் பொறியாளர்களும் மக்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்.

அந்த உடன்பாட்டின் பொறியியலை அருகிலிருந்து பார்க்க வேண்டும். அகலமான தட்டைக் கால்வாயில் சாதாரண நாள்களின் நீர் மெல்லிய தகடாகப் பரவி வேகமிழக்கும். சுமந்து வந்த வண்டலை அங்கேயே போட்டுவிடும். அதில் சம்பை முளைத்து வழியை அடைக்கும். பிறகு தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்று வடிவமைப்பில், ஓரிரு ஆண்டுக்கொருமுறை வரும் வெள்ளத்தைக் கொள்ளும் அளவுக்கு ஒரு குறுகிய வாய்க்கால்; அதன் பக்கத்தில் பெருவெள்ளம் பரவ ஒரு சமதளம்; கரையோரத்தில் மரங்கள். குறுகிய வாய்க்கால் வண்டலைத் தள்ளிக்கொண்டு போகும். மரநிழல் விழுந்தால் வெயில் விரும்பும் சம்பை தழைக்காது. அழகுக்காகக் கேட்டதாகச் சிலர் எண்ணிய மரமே கால்வாயைப் பராமரிக்கும் உத்தியாயிற்று. மலையிலிருந்து வரும் வண்டலுக்கு மேல்பகுதியில் தனித் தேக்கமும் அமைந்தது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது அதே கலிபோர்னியாவில் உள்ள கில்ராய் நகரின் ஊவாஸ் ஓடை. 1995-இன் இறுதியில் சீரான வளைவுகளோடு அங்கு வெட்டிய புதுத்தடம் 1996 பிப்ரவரி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மத்தியாஸ் கொண்டால்ஃபும் உடனாய்வாளர்களும் பழைய சான்றுகளைத் தேடியபோது, அந்த ஓடை அத்தகைய அழகிய வளைவுகளுக்கு உரியதல்ல என்பது தெரிந்தது. ஓர் இடத்தின் நெடுநாள் நினைவைக் கேளாமல், கண்ணுக்கு இனிய படிமத்தை நிலத்தில் பதிக்க முயன்றதன் விலை அது.

வைல்ட்கேட்டிலும் கேள்வி ஓடைத்தடத்தைச் சுற்றியே நின்றது. வீட்டுமனைகள் வரை அதைக் கொண்டுசென்றது மெல்போர்ன் அருகே மவுண்ட் ஈவ்லினில் உள்ள லிட்டில் ஸ்டிரிங்கிபார்க் ஓடை ஆய்வு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வால்ஷ், டிம் ஃபிளெட்சர் முதலானோர் ஓடையில் கை வைப்பதற்குப் பதிலாக, வீட்டுக்காரர்களிடம் போனார்கள். மழைநீர்த் தொட்டி அமைக்க எவ்வளவு மானியம் வேண்டும் என்று அவர்களே ஒப்பந்தப்புள்ளி கொடுத்தார்கள். அரிப்பை அது பிறக்கும் இடத்திலேயே தணிக்கும் முயற்சி என்பதால் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

வாடகைக்கு இருப்பவர்கள் இத்தகைய ஏற்பாட்டில் எளிதில் விடுபட்டுப் போவார்கள். தொட்டி வைக்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கே. கூட்டங்களிலும் ஓய்வு நேரம் உள்ளவர்களின் குரலே ஓங்கும். பகல் வேலைக்குப் போகிறவர் வரமுடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, எதிர்ப்பில்லை என்று பதிவு செய்வதை ஆய்வுலகம் ஏற்கக் கூடாது.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. சூழலியலாளர் எமிலி பெர்ன்ஹார்ட் குழு 2005-இல் அமெரிக்காவின் 37,099 ஆறு-ஓடை மீட்புத் திட்டங்களைத் தொகுத்தபோது, சுமார் 10 விழுக்காட்டில்தான் மதிப்பீடோ கண்காணிப்போ நடந்ததற்கான குறிப்பு இருந்தது. வைல்ட்கேட்டிலேயே அமெரிக்க ராணுவப் பொறியியல் படை மீன்கள் மேலேறிச் செல்லக் கட்டிய மீன்வழி வண்டலால் அடைபட்டுப் பயனற்றுப்போனது. எனவே ஓடை உடன்படிக்கையில் வடிவமைப்புக்கு இணையாக மூன்று செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: மழைக்காலத்துக்குப் பின் குறுக்குவெட்டை அளப்பவர் யார், வண்டலை அள்ளும் செலவு எந்தக் கணக்கில், அளவுகள் மாறினால் குடியிருப்போர் எவரைக் கூட்டிவைத்துக் கேட்கலாம்.